வக்கீல் சிதம்பரம் பிள்ளை

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பிறந்த நாளான செப்டம்பர் 5-ஆம் தேதியும் நினைவு நாளான நவம்பர் 18-ஆம் தேதியும் எங்கள் வட்டாரத்தில் பெருமையோடு கொண்டாடப்படுகின்றன. அந்த மேடைகளில் பேசுவோர் அவர் ஓட்டிய கப்பலைப் பற்றிப் பேசுவார்கள். கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டும் பேசப்பட வேண்டியவைதாம், எத்தனை முறை பேசினாலும் தகும். ஆனால் அவர் வாழ்ந்த 64 ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால், அந்தக் கப்பலுக்காகத் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்ட 1906 அக்டோபரிலிருந்து அவர் கைதான 1908 மார்ச் வரை ஒன்றரை ஆண்டுகூட நிறையவில்லை. சிறையில் கழிந்தது ஏறத்தாழ நாலே முக்கால் ஆண்டு. மீதிக் காலத்தின் பெரும்பகுதியை அவர் வக்கீலாகக் கழித்தார். வக்கீலாக இருக்க முடியாத ஆண்டுகளை அந்தத் தொழிலைத் திரும்பப் பெறுவதற்கான ஏக்கத்தோடு கழித்தார். ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, கோவில்பட்டி என்ற மூன்று ஊர்களின் நீதிமன்றங்களில் கட்சிக்காரருக்காக எழுந்து நின்ற அந்த மனிதரை, ஒரு பெரிய குடும்பத்தைக் கடைசி மூச்சு வரை சுமந்த அந்த வீட்டுக்காரரை, மேடைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அதே வட்டாரத்து நீதிமன்றங்களில் தொழில் செய்கிறவன் என்பதால் எனக்கு அந்த மறதி உறுத்துகிறது.

ஒட்டப்பிடாரம் இன்று அமைதியான ஊர். அந்நாளில் அது தாலுகாவின் தலைமையிடம். தாலுகா கச்சேரி இருந்தது, அதைச் சுற்றி மனு எழுதுவோரும் வழக்காட வருவோரும் இருந்தார்கள். அங்கே 1872-இல் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மூத்த மகனாகப் பிறந்தார் சிதம்பரம். தந்தை உலகநாத பிள்ளையே பெயர் பெற்ற வக்கீல். எட்டயபுரம் சமஸ்தானத்து வழக்குகளை நடத்தியவர் என்பதால் ஜமீன் வட்டாரத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. சிறுவன் சுப்பிரமணிய பாரதிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பழக்கம் ஏற்பட்ட வழியும் அதுதான். வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் படித்து, தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்று, சில காலம் தாலுகா கச்சேரியில் எழுத்தராக வேலை பார்த்த மகனைத் தந்தை சட்டம் படிக்கத் திருச்சிக்கு அனுப்பினார். தேர்வில் வெற்றி பெற்ற மகன் 1895-இல் ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார்.

அந்தக் காலத்து வக்கீல்கள் எல்லாரும் ஒரே தரத்தவர் அல்லர். பட்டம் பெற்று உயர் நீதிமன்றத்தில் வாதாடுவோர் ஒரு வகை. சீமைக்குச் சென்று பாரிஸ்டராகி வந்தோர் இன்னொரு வகை. பிளீடர் தேர்வு எழுதி, தொழில் நடத்த அனுமதிக்கும் சன்னது பெற்று, முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் தொழில் செய்தோர் மூன்றாம் வகை. சிதம்பரம் பிள்ளை இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவர். வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் கடன் பத்திரமும் அடிதடியும்தான் இவர்களிடம் வரும் வழக்குகள். ஆனால் அந்த வரப்பே வாழ்வாக இருக்கிற குடியானவனுக்கு, நீதி என்பது சென்னையிலோ லண்டனிலோ இல்லை. அந்தத் தாலுகா ஊரில், அவன் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுப் பிராது எழுதிக் கொடுக்கிற ஒரு பிளீடரிடம்தான் இருக்கிறது. இந்த உண்மையை அறிந்தவராகவே அவர் தொழில் செய்தார் என்பது அவருடைய சுயசரிதையைப் படிப்போருக்கு விளங்கும். பரலி சு. நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதற்கிணங்க அகவலாக எழுதிய அந்த நூலில், ஒட்டப்பிடாரத்தில் நடத்திய வழக்குகளைப் பற்றி அவர் தனிப் பெருமையோடு பாடியிருக்கிறார். கப்பல் விட்ட மனிதர் தாம் நடத்திய தாலுகா வழக்குகளையும் மறவாமல் செய்யுளில் ஏற்றியிருக்கிறார் என்றால், அந்தத் தொழில் அவருக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தந்தை வசதி படைத்தோரின் வழக்குகளை நடத்தினார். மகன் ஏழைகளுக்காக, பல வேளை பணம் வாங்காமலே வாதாடினார் என்று அவர் வரலாறு எழுதிய அனைவரும் குறிப்பிடுகிறார்கள். ஒற்றை வரியில் இதைப் படித்துக் கடந்துவிடுவது எளிது. சிறிய ஊரில் தொழில் செய்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். பெரிய நகரத்தில் ஓர் ஏழைக்காக இலவசமாக வாதாடுகிற வக்கீல், வழக்கு முடிந்ததும் எதிர்த் தரப்பை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. தாலுகா ஊரில் எதிர்த் தரப்புப் பண்ணையார் தந்தையின் கட்சிக்காரராக இருப்பார். தங்கைக்கோ தம்பிக்கோ சம்பந்தம் பேச வருகிறவராகவும் இருப்பார். குறுக்கு விசாரணையில் திணற வைத்த போலீஸ் அதிகாரியை மறுநாள் காலையில் தெருவில் சந்திக்க வேண்டியிருக்கும். மாஜிஸ்திரேட்டின் முறைகேட்டைச் சுட்டிக்காட்டிவிட்டு, அடுத்த வாய்தாவுக்கு அதே மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். சிதம்பரம் பிள்ளை இத்தனையும் செய்தார். அதிகாரிகளின் பகை வளர்ந்தது. மகனுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்துவிடுமோ என்று தந்தை கவலைப்பட்டார். 1900-இல் அவர் தூத்துக்குடிக்குத் தொழிலை மாற்றிக்கொண்டதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். பின்னாளில் வெள்ளைக்கார நிர்வாகத்தை எதிர்த்து நின்ற துணிவு அவருக்குத் தூத்துக்குடிக் கடற்கரையில் திடீரென்று வரவில்லை. ஒட்டப்பிடாரத்துக் கச்சேரியில், யாரும் கைதட்டாத சிறிய வழக்குகளில், அது நாள்தோறும் பழகப்பட்டது என்றே நான் நம்புகிறேன்.

வீட்டிலும் அதே மனிதர்தான். அவர் முதலில் மணந்த வள்ளியம்மையைப் பற்றிய ஒரு செய்தி சுயசரிதையைப் படித்த எவருக்கும் மறக்காது. பார்வையற்றவரும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருமான இராமையா தேசிகர் என்ற புலவரை வ.உ.சி. தம் வீட்டிலேயே தங்கவைத்தார். ஊரும் உறவும் முகம் சுளித்தன. 1890-களின் சைவ வேளாளக் குடும்பத்தில் அது எத்தகைய பிளவை உண்டாக்கியிருக்கும் என்பதை இன்று நம்மால் முழுதாக உணர முடியாது. வள்ளியம்மை அதைப் பொருட்படுத்தவில்லை. தேசிகருக்குத் தம் கையால் உணவிட்டு உபசரித்தார். கணவன் கொள்கை பேசலாம்; அடுப்படியில் நின்று உறவுப் பெண்களின் ஏச்சை வாங்கிக்கொண்டு அந்தக் கொள்கைக்குச் சோறு போடுகிறவள் மனைவி. வ.உ.சி. அதை அறிந்திருந்தார், எழுதியும் வைத்தார். திருமணமாகிச் சில ஆண்டுகளிலேயே வள்ளியம்மை இறந்துவிட்டார். பிறகு 1901-இல் மீனாட்சி அம்மாளை மணந்தார். வரவிருந்த எல்லாத் துன்பங்களையும் சுமந்தவர் இந்த மீனாட்சி அம்மாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் தொழில் செய்கிற வக்கீலிடம் வணிகர்களின் வழக்குகள் வரும். சரக்குக் கட்டணம், கப்பல் கம்பெனியின் கெடுபிடி, கொழும்புக்குப் போகும் பயணிகளின் குறை ஆகியவை அன்றாடம் காதில் விழும். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் ஏகபோகம் எப்படி நடக்கிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1906 அக்டோபர் 16-இல் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் அமைப்பைப் பார்த்தாலே ஒரு வக்கீலின் கை அதில் தெரிகிறது: மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், தலைவராகப் பாண்டித்துரைத் தேவர், சட்ட ஆலோசகர்களாகச் சேலம் விஜயராகவாச்சாரியார் போன்றோர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். எல்லாருக்கும் ஓடியாடி உழைத்த வ.உ.சி. ஏற்றுக்கொண்டதோ உதவிச் செயலாளர் பதவி மட்டும்.

கப்பல் வாங்குவதற்காக அவர் பம்பாய்க்குப் புறப்பட்டபோது மூத்த மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான் என்றும், மீனாட்சி அம்மாள் கருவுற்றிருந்தார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வீட்டிலிருந்தோர் தடுத்தபோது, பிள்ளையை இறைவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள்; கப்பலோடு திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து மாய்வேன் என்று சூளுரைத்தார் என்பார்கள். மேடையில் இந்த இடத்தில் பலத்த கைதட்டல் எழும். எனக்குக் கைதட்டத் தோன்றுவதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையையும் பிள்ளைத்தாய்ச்சியையும் விட்டுப் போவது குடும்பத்தை நேசிக்கிற மனிதனுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! குடும்பப் பற்று இல்லாதவன் போவது தியாகம் ஆகாது. அவரிடம் அந்தப் பற்று எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதைச் சிறையிலிருந்து அவர் எழுதியவை காட்டுகின்றன.

1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானவை. அவர்களுக்கு வழக்குமன்றம் இல்லை, வக்காலத்து எழுதிக் கொடுக்க வழியும் இல்லை, ஆயினும் வ.உ.சி. அவர்களுக்காக வக்கீலாகவே நின்றார். கடற்கரைக் கூட்டத்தில் அவர்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொன்னார். வேலை இழந்த குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் இருக்கப் பணம் திரட்டினார். ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது. அடுத்த சில நாட்களில், மார்ச் 12-இல், அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அதே ஆண்டு ஜூலை 7-இல் திருநெல்வேலி அமர்வு நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். இராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என நாடு கடத்தும் இரண்டு தீவாந்தர தண்டனைகள். இராஜத்துரோகத்தைப் பற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவை வக்கீலான வ.உ.சி. எத்தனை முறை படித்திருப்பார்! தம் தொழிலின் மொழியிலேயே, தமக்குப் பழக்கமான சடங்குகளோடு, தம் வாழ்க்கை பறிக்கப்படுவதைக் கூண்டில் நின்று கேட்பது வேறு எந்தத் தொழிலினருக்கும் நேராத கொடுமை. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. ஆனால் குடும்பம் அதற்குள் நொறுங்கிவிட்டது. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அவர் வாழ்நாளில் மீளவே இல்லை. அண்ணனுக்கு 40 ஆண்டு என்று கேட்டு அறிவு தடுமாறிய தம்பியை, விடுதலைக்குப் பிறகு தம் வறுமையிலும் காப்பாற்ற வேண்டிய கடமை அந்த அண்ணனுக்கே வந்து சேர்ந்தது. அவர் இறுதியில் எழுதிய உயிலிலும் இந்தத் தம்பியைப் பற்றிய கவலை இருந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் பட்ட பாடுகளை இங்கே மறுபடி விரிக்கப்போவதில்லை. கோயம்புத்தூரில் அவருக்குத் துணை நின்றவர்களுள் ஒரு வக்கீலும் உண்டு என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெரியபுராணத்துக்குப் பேருரை கண்ட சி.கே.சுப்பிரமணிய முதலியார்தான் அவர். அரசின் கண்காணிப்பில் இருக்கும் இராஜத்துரோகக் கைதிக்கு உதவுவது தம் தொழிலுக்கு ஆபத்து என்று தெரிந்தும் அவர் உதவினார்.

சிறையிலிருந்து வ.உ.சி. தம் வீட்டாருக்கும் நண்பருக்கும் செய்யுளாகக் கடிதம் எழுதினார். அவற்றுள் பல பின்னர் 'பாடற்றிரட்டு' என்ற நூலில் இடம்பெற்றன. கண்ணனூரில் இருந்தபோது, உடனிருந்த கைதிகள் நல்லொழுக்கம் சொல்லித்தரக் கேட்டதால் 'மெய்யறிவு' என்ற நூல் பிறந்தது. அங்கேயே 'மெய்யறம்' நூலையும் எழுதினார். அதில் 125 அதிகாரங்கள். அவற்றை மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என வகுத்தார். இல்வாழ்வியலுக்கு மட்டும் 30 அதிகாரங்கள் ஒதுக்கியிருக்கிறார். மனைவியும் மக்களும் எங்கோ இருக்க, சுவருக்குள் இருந்த மனிதர் இல்லறத்தைப் பற்றி 30 அதிகாரம் எழுதுகிறார். துறவியின் மனநிலையில் இருந்தவர் அப்படி எழுத மாட்டார். வீட்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து இல்வாழ்க்கையைத் தொடரவேண்டும் என்று விரும்பியவர்தான் எழுதியிருக்க முடியும்.

1912 டிசம்பர் 24-இல் விடுதலையானபோது தொடர்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை. கப்பல் கம்பெனி முடிந்துபோயிருந்தது. அதைவிட அன்றாட வாழ்வைப் பாதித்தது சன்னது பறிபோனதுதான். குற்றத் தண்டனை பெற்ற பிளீடரை நீக்க 1879-ஆம் ஆண்டின் வக்கீல் தொழிற் சட்டம் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்திருந்தது. நீதிமன்றப் படி ஏற முடியாத வக்கீல் நாற்பது வயதில் வேறு எந்த வேலைக்குப் போவார்? திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பாமல் குடும்பத்தோடு சென்னையில் குடியேறினார். அரிசியும் நெய்யும் விற்றுப் பார்த்தார். வணிகம் கைகூடவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார், பதிப்பித்தார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியடிகளின் வழியாக அவருக்கு வரவேண்டியிருந்தது. அது தொடர்பாக 1915-இலும் 1916-இலும் இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. இறுதியில் வந்தது 347 ரூபாய் 12 அணா. அந்தக் கடிதங்களைப் படித்தபோது தொகையின் அளவைக் காட்டிலும் அதற்காக அவர் காத்திருந்த விதம்தான் என்னை வருத்தியது. தன்மானம் குன்றாமல், அதே சமயம் தேவையையும் மறைக்காமல், வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்ற பொறுப்போடு எழுதப்பட்ட கடிதங்கள் அவை. புலவர்களுக்கு மழைபோல் வழங்கிய சிதம்பரம் இன்று வெண்பாப் பாடிப் பிச்சைக்கு ஓடுகிறான் என்று அவரே நொந்து பாடிய காலமும் இதுதான்.

இந்த இடத்தில் 1920-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய சிறப்புக் காங்கிரஸ் ஒத்துழையாமைத் தீர்மானத்தை ஏற்றது. வக்கீல்கள் நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. நாடெங்கும் பெரிய வக்கீல்கள் தொழிலைத் துறந்தார்கள், அவர்களுடைய தியாகம் மெய்யானது. வ.உ.சி. அந்தத் தீர்மானத்தை ஏற்க மறுத்துக் காங்கிரஸிலிருந்து ஒதுங்கினார். கொள்கை அளவில் அவருக்கு வேறு காரணங்கள் இருந்தன. அவர் திலகரின் வழியில் வந்தவர். இருந்தாலும் ஒரு வக்கீலாக நான் இதை இன்னொரு வகையிலும் பார்க்கிறேன். தொழிலை விடுங்கள் என்று கட்சி சொன்னபோது, அந்தத் தொழிலை எட்டு ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காமல் இருந்தவர் அவர். நாட்டுக்காகச் சன்னதை எப்போதோ இழந்துவிட்டவரிடம் துறப்பதற்கு என்ன இருந்தது? அவர் களைத்துவிட்டார், பின்வாங்கிவிட்டார் என்று அன்று பேசியவர்கள் உண்டு. இன்றும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். அந்தப் பேச்சு அநீதியானது. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று ஒரு மனிதன் நினைப்பது அவன் செய்த தியாகத்தைக் குறைத்துவிடாது. 1927-இல் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கிப் பேசினார். அந்த உரை 'எனது அரசியல் பெருஞ்சொல்' என்று அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள் அவர் பின்வாங்கினாரா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சன்னது 1920-களில்தான் திரும்பக் கிடைத்தது. அதற்கு வழி செய்தவர் ஈ.எச்.வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி. அவருடைய உதவியை வ.உ.சி. வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆங்கில ஆட்சியால் இவ்வளவு அழிந்த ஒருவர் தம் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலேயரின் பெயரைச் சூட்டினார் என்பதைக் கேட்டு வியப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் வியப்பு இல்லை. அவர் எதிர்த்தது ஆட்சியை. நியாயமாக நடந்துகொண்ட ஒரு நீதிபதியை மதிக்க அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. தவிரவும், தொழிலைத் திருப்பிக் கொடுத்தவனை உயிரைத் திருப்பிக் கொடுத்தவனாக எண்ணும் மனம் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு முறை அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போதும் நன்றியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கோவில்பட்டி. ஐம்பது வயதைக் கடந்த மனிதர், பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, மறுபடி முதலிலிருந்து கட்சிக்காரர்களைத் தேட வேண்டியிருந்தது. பழைய கட்சிக்காரர்கள் வேறு வக்கீல்களிடம் போயிருப்பார்கள். சட்டங்களே மாறியிருந்தன, 1908-இல் புதிய உரிமையியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது அவர் சிறையில் இருந்தார். இளம் வக்கீல்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து, தம் வழக்கு அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்த அந்தப் பெரியவரை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. 1932 வரை கோவில்பட்டியில் இருந்தார். வருமானம் பெரிதாக இல்லை. பகலில் கோர்ட்டு, மற்ற நேரத்தில் தமிழ் என்று அவர் வாழ்ந்ததன் பயனாகத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் இளம்பூரணர் உரை 1928-இல் அவர் பதிப்பாக வெளிவந்தது. திருக்குறளுக்கு அவர் உரை எழுதியதும் இந்தக் கடைசிப் பகுதியில்தான். பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வதற்கும், சாட்சிகளின் வாக்குமூலங்களை ஒப்புநோக்கி உண்மை தேடுவதற்கும் ஒரே பொறுமைதான் வேண்டும். அவரோடு பதிப்புப் பணியில் ஈடுபட்ட எஸ்.வையாபுரிப் பிள்ளையும் வக்கீல் தொழிலிலிருந்து வந்தவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். மகன்களுக்கு வேலை, மகள்களுக்குத் திருமணம் என்ற கவலைகள் அவரைக் கடைசி வரை விடவில்லை. நோய்வாய்ப்பட்டபோது எழுதிவைத்த உயிலில் தம் சொத்து விவரத்தோடு கடன் விவரத்தையும் எழுதினார். வீட்டு வாடகை பாக்கி, துணிக்கடை பாக்கி, எண்ணெய்க்கடை பாக்கி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டிருக்கிறார். எத்தனையோ பேருக்கு உயில் எழுதிக் கொடுத்திருக்கக்கூடிய வக்கீல், தம்முடையதை எழுதும்போது எண்ணெய்க்கடைக்காரரைக்கூட விடவில்லை. தாம் இறந்த பிறகு யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கடன்காரர்கள் கேட்கும்போது மனைவி மக்கள் கணக்குத் தெரியாமல் திகைக்கக் கூடாது என்ற எண்ணமும் இருக்கிறது. பத்திரம் எழுதுவதில் தேர்ந்தவரின் கவனமும் குடும்பத் தலைவரின் கவலையும் ஒரே தாளில் இப்படிச் சேர்ந்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1936 நவம்பர் 18-இல், அவர் விருப்பப்படியே கொண்டுசெல்லப்பட்ட தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.

அவர் எழுதிய நூல்கள் பெரும்பாலும் மீட்கப்பட்டுவிட்டன. கடிதங்களையும் ஆய்வாளர்கள் தேடித் தொகுத்திருக்கிறார்கள். நாவாய்ச் சங்கத்தைப் பற்றியும் விரிவான ஆய்வுகள் வந்திருக்கின்றன. வக்கீலாக அவர் செய்த வேலையைப் பற்றித்தான் நமக்கு மிகக் குறைவாகத் தெரிகிறது. நீதிமன்றப் பதிவேட்டு அறைகளில் பழைய கட்டுகள் குறித்த காலத்துக்குப் பிறகு அழிக்கப்படும். 1917-ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் கட்சிக்காரர்களின் வீடுகளில் இருக்கும் நகல்களை எந்தச் சட்டமும் தொடவில்லை. நிலத்துக்கு மூலப்பத்திரம் போலவே பழைய தீர்ப்பாணை நகலையும் தகரப் பெட்டியில் பாதுகாக்கும் பழக்கம் நம் கரிசல் நாட்டுக் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. தீர்ப்பாணையில் வாதியின் வக்கீல் யார், பிரதிவாதியின் வக்கீல் யார் என்று பெயர் எழுதியிருப்பார்கள்.

ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்தில் 1895-க்கும் 1908-க்கும் இடைப்பட்ட, அல்லது 1920-களையும் 1930-களையும் சேர்ந்த தீர்ப்பாணையோ வக்காலத்தோ உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அந்த வரியைப் பாருங்கள். சிதம்பரம் பிள்ளை என்ற பெயர் இருந்தால் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் நிலத்துக்கு அது ஆதாரம். ஒளிப்படம் மட்டும் எடுத்து, ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீட்டில் அமைந்துள்ள நினைவில்லத்தில் சேர்த்தால் போதும். எந்தக் கிராமம், எதைப் பற்றிய வழக்கு, யாருக்காக நின்றார் என்ற மூன்று விவரங்கள் கிடைத்தாலே அந்த வக்கீலின் வரலாற்றை எழுதத் தொடங்கிவிடலாம்.